கடைசி சாக்கெட்டில் 2.1 ஓம்: ஆர்சிசிபி இருக்கும்போது இதைப் பொருட்படுத்த வேண்டுமா?

வேலவன்

வீட்டில் ஒரு சாக்கெட் சுற்றை லூப் டெஸ்டரால் (கோளாறு மின்னோட்டம் போய்த் திரும்பும் முழுப் பாதையின் தடையை அளக்கும் கருவி) சோதித்தேன். கடைசி சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 2.1 ஓம் காட்டுகிறது. மெயின் போர்டில் அதே கருவி 0.35 ஓம் காட்டுகிறது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, எர்த் 1.5 சதுர மி.மீ. போர்டிலிருந்து கடைசி சாக்கெட் வரை கம்பி ஓட்டம் சுமார் 20 மீட்டர். சுற்றுக்கு 32 ஆம்பியர் சி வகை எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை அறுக்கும் சுவிட்ச்). அதற்கு மேலே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (ஃபேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமில்லாமல் எர்த்துக்குக் கசிந்தால் அறுக்கும் சுவிட்ச்) இருக்கிறது. டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறது.

எர்த் கோளாறில் எம்சிபி உடனே விழ லூப் தடை எவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லும் அட்டவணையில் சி 32-க்கு உச்ச வரம்பு 0.68 ஓம் என்று இருக்கிறது. என் அளவு அதைப் போல மூன்று மடங்கு. வயரிங் செய்தவரோ, "எர்த் வருகிறது, டெஸ்ட் விளக்கு எரிகிறது, ஆர்சிசிபியும் போட்டாயிற்று, இனி என்ன கவலை?" என்கிறார். கவலைப்பட வேண்டுமா, வேண்டாமா?

சுடர்மணி

வேண்டாம். உலோக உடலில் ஏறலாம் என்று விதி வைக்கும் உச்சமான 50 வோல்ட்டை 0.03 ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள், 1667 ஓம் வரும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிக்கு எர்த் பாதையில் அவ்வளவு தடை இருந்தாலும் போதும். உங்களிடம் இருப்பது 2.1. எம்சிபி அட்டவணை ஆர்சிசிபி இல்லாத காலத்து விவகாரம். டெஸ்டர் வாங்கியவர்கள் எல்லோரும் இப்படித்தான் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

முத்துராமன்

தம்பி வேலவன், அந்த டெஸ்ட் விளக்கு என்பது எது? 40 வாட் குண்டு பல்பா, நியான் டெஸ்டரா? 40 வாட் பல்பு 170 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பிடித்தால் ஆர்சிசிபி விழுந்தே ஆக வேண்டும், விளக்கு எரிந்துகொண்டிருக்க முடியாது. எரிந்தது என்றால் ஒன்று ஆர்சிசிபி வேலை செய்யவில்லை, அல்லது அது வைப்பதற்கு முன்பு சோதித்திருக்கிறார்.

வேலவன்

நியான்தான் ஐயா. திருப்புளி போல இருக்குமே, அதற்குள் உள்ளதைப் போன்ற சிறிய விளக்கு, இரண்டு முனையோடு.

முத்துராமன்

அப்படியானால் அந்தச் சோதனையை மறந்துவிடுங்கள். நியான் ஒரு மில்லிஆம்பியர்கூட இழுக்காது. எர்த் கம்பி பாதி அரித்து ஆயிரக்கணக்கான ஓம் தடையோடு தொங்கிக்கொண்டிருந்தாலும் அது பளிச்சென்று எரியும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானும் எர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்தப் பொத்தான், ஆர்சிசிபியின் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒரு பக்கத்து ஃபேஸை மறுபக்கத்து நியூட்ரலோடு இணைத்துச் செயற்கையாக ஒரு சமமின்மையை உண்டாக்குகிறது. வீட்டில் எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் பொத்தான் வேலை செய்யும். இது தெரியாத வயர்மேன்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தமிழினி

சுடர்மணி சொன்ன 1667 ஓம் கணக்கு சரி. ஆனால் அதை இந்தக் கேள்விக்குப் பதிலாக வைத்தது சரியில்லை. 2.1 ஓம் வரம்புக்குள் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. 0.7 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் ஏன் 2.1 இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் 0.68 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சி வகை எம்சிபியின் காந்தப் பகுதி, அதன் மதிப்பைப் போல 5 முதல் 10 மடங்கு மின்னோட்டத்துக்குள் எங்காவது ஓரிடத்தில் உடனடியாக விழும். நிச்சயமாக விழும் என்று சொல்ல 10 மடங்கை எடுத்துக்கொள்ள வேண்டும்: 320 ஆம்பியர். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 0.72 ஓம். பிரிட்டன் விதிநூலான பிஎஸ் 7671, மின்னழுத்தம் 5 விழுக்காடு குறைந்திருக்கலாம் என்று வைத்து 0.95-ஆல் பெருக்குகிறது, அதுதான் உங்கள் அட்டவணையின் 0.68. பி வகை என்றால் 3 முதல் 5 மடங்கு, ஆகவே பி 32-க்கு வரம்பு 1.37 ஓம். டி வகைக்கு 10 முதல் 20 மடங்கு, வரம்பு சி வகையில் பாதி.

இனி உங்கள் சுற்று. 2.5 சதுர மி.மீ. செம்புக்கு 20 டிகிரியில் மீட்டருக்கு 7.41 மில்லிஓம். 1.5-க்கு 12.10. இரண்டும் சேர்த்து 19.51. 20 மீட்டருக்கு 0.39 ஓம். போர்டில் 0.35. மொத்தம் 0.74 வந்திருக்க வேண்டும். 2.1 வந்திருக்கிறது. ஏறக்குறைய 1.36 ஓம் எங்கோ கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. செம்பு தானாக அவ்வளவு தடையை உண்டாக்காது. அது ஒரு மோசமான இணைப்பு.

இப்போது ஒரு உபகரணத்தின் உலோக உடலை ஃபேஸ் தொடுகிறது என்று வையுங்கள். 230-ஐ 2.1-ஆல் வகுத்தால் சுமார் 110 ஆம்பியர். சி 32-இன் காந்தப் பகுதி 160-க்குக் கீழே அசையாது. வெப்பப் பட்டை வளைந்துதான் அறுக்க வேண்டும், அதற்குப் பல வினாடிகள் ஆகும். டிஎன் முறையில் (மின்வாரியத் தரப்பிலிருந்தே எர்த் வரும் முறை) இத்தகைய சுற்றுக்குப் பன்னாட்டு விதிநூலான ஐஇசி 60364 தரும் அவகாசம் 0.4 வினாடி. எம்சிபி அறுக்கும் வரை அந்த இணைப்பில் வெளியாகும் வெப்பம் 110 × 110 × 1.36, அதாவது 16 கிலோவாட்டுக்கு மேல். ஒரு சின்னப் பெட்டிக்குள், சுவருக்குள்.

ஆர்சிசிபி அதற்குள் அறுத்துவிடும் என்பீர்கள். ஆம், வேலை செய்தால் அறுக்கும்.

சுடர்மணி

> ஆம், வேலை செய்தால் அறுக்கும்.

"வேலை செய்தால்" என்று எதைப் பற்றியும் சொல்லலாம். எம்சிபி மட்டும் வேலை செய்யாமல் போகாதா? விதிகளே ஆர்சிசிபியை எர்த் கோளாறுக்கான பாதுகாப்பாக ஒப்புக்கொள்கின்றன. டிடி முறையில் (வளாகத்து மண்ணிலேயே எர்த் கம்பி அடித்துக்கொள்ளும் முறை) அது ஒன்றுதான் கதி. அங்கே யாரும் 0.68 ஓம் கேட்பதில்லை.

தமிழினி

ஒப்புக்கொள்கின்றன, மறுக்கவில்லை. விதிப்படி உங்கள் வாதம் நிற்கும். என் வாதம் இணைப்பைப் பற்றியது. இன்று 1.36 ஓம் இருக்கும் தளர்ந்த இணைப்பு நாளை 1.36-ஆக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அது ஒரு நாள் முழுவதும் விட்டுப்போனால், எர்த் இல்லாத சுற்றில் ஆர்சிசிபி எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். உடலில் ஃபேஸ் ஏறிய உபகரணம் சும்மா நிற்கும். ஆர்சிசிபி விழாது, ஏனென்றால் கசிவு போக வழியே இல்லை. யாராவது தொட்டால்தான் விழும். எர்த் கம்பி செய்ய வேண்டிய வேலையை ஒரு மனிதர் செய்து முடித்த பிறகு அது அறுக்கும். 30 மில்லிஆம்பியர் என்பது அது அறுக்கத் தொடங்கும் அளவு மட்டுமே, அதிர்ச்சியின் அளவை அது குறைப்பதில்லை. ஆயிரம் ஓம் உடல் 230 வோல்ட்டில் 230 மில்லிஆம்பியரைத்தான் வாங்கும், 40 மில்லிவினாடி போலக் குறைந்த நேரத்துக்கு. பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். ஏணியின் மேல் நிற்பவர்?

வேலவன், இரண்டு தகவல் தேவை. 2.1 என்பது எந்த முறையில் எடுத்தது? ஆர்சிசிபி விழாத குறைந்த மின்னோட்ட முறையா? அடுத்து, அதே சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எவ்வளவு?

ரவி

இவ்வளவு கணக்கு எதற்கு? சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் லூப் அரை ஓமுக்கு வந்துவிடும். பல இடங்களில் பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் ஓடுகிறது.

முத்துராமன்

ரவி, இதை யாரும் படித்துவிட்டுச் செய்துவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அது கொலைகார வேலை. நியூட்ரல் கம்பி அந்த சாக்கெட்டுக்கு முன்னால் எங்காவது விட்டுப்போனால், செருகியிருக்கும் உபகரணத்தின் சுருள் வழியாக ஃபேஸ் நியூட்ரல் முனைக்கு வரும், அங்கிருந்து உங்கள் துண்டுக் கம்பி வழியாக உபகரணத்தின் உலோக உடலுக்கு வரும். எர்த் கம்பியும் மோசமாக இருந்தால் உடல் முழுக்க 230 வோல்ட். எம்சிபி விழாது, உபகரணம் வெறுமனே ஓடாமல் நிற்பதுபோலவே தோன்றும். நீங்கள் பார்த்த இடங்களில் நன்றாக ஓடுவது நியூட்ரல் இன்னும் அறுந்துபோகாததால் மட்டும்.

ஆர்சிசிபி உள்ள வீட்டில் இதைச் செய்தால் இன்னொன்றும் நடக்கும். திரும்பும் மின்னோட்டம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பிரிந்துவிடும், ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். உடனே ஒருவர் வந்து "ஆர்சிசிபி பழுது" என்று அதைக் கழற்றிவிடுவார். இந்தத் தொடர்கதையை நான் பல வீடுகளில் பார்த்தாயிற்று.

வேலவன்

ஆர்சிசிபி விழாத முறையில்தான் எடுத்தேன். மீண்டும் மீண்டும் எடுத்ததில் 1.98, 2.06, 2.2 என்று மாறி மாறி வந்தது. ஃபேஸ்-நியூட்ரல் இடையே 0.63 நிலையாக இருக்கிறது.

தமிழினி

அருமையான தகவல். குறைந்த மின்னோட்ட முறையில் ஆர்சிசிபியின் சுருள்களே பத்தில் சில பங்கு ஓமைக் கூட்டிக் காட்டக்கூடும், அளவு துள்ளவும் செய்யும். அதனால் இரண்டாம் தசம இடத்தை நம்ப வேண்டாம். ஆனால் 1.3 ஓமை அந்தக் காரணத்தில் கரைக்க முடியாது.

ஃபேஸ்-நியூட்ரல் 0.63 என்பது கணக்கோடு ஒத்துப்போகிறது: 20 மீட்டர் போய்வர 0.30, மீதி வெளியிலிருந்து வருவது. ஆகவே ஃபேஸ் கம்பி சுத்தம். கோளாறு எர்த் கம்பியில். ஃபேஸில் இருந்திருந்தால் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். 10 ஆம்பியர் ஓடினாலே அந்த இணைப்பில் 136 வாட் வெப்பம், வாசனை வந்திருக்கும். எர்த்தில் அன்றாடம் மின்னோட்டம் ஓடாது, எனவே அது சத்தமில்லாமல் கெட்டுப்போகும். டெஸ்டர் வைத்தால்தான் தெரியும்.

இனி மின்சாரத்தோடு தேட வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து உறுதி செய்த பின், போர்டில் இந்தச் சுற்றின் ஃபேஸ் கம்பியைக் கழற்றி எர்த் பட்டையோடு தற்காலிகமாக இணையுங்கள். பிறகு ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஃபேஸ்-எர்த் இடையே குறைந்த ஓம் மீட்டரால் அளவிடுங்கள், சோதனைக் கம்பிகளின் தடையைக் கழித்துக்கொண்டு. உபகரணங்கள் எதுவும் செருகியிருக்கக் கூடாது. அளவு எங்கே சட்டென்று எகிறுகிறதோ, அதற்கும் முந்தைய சாக்கெட்டுக்கும் நடுவில் குற்றவாளி இருக்கிறார். போர்டில் கை வைத்துப் பழக்கமில்லை என்றால் தகுதியுள்ள ஒருவரை அழைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

பாரி

முத்துராமன் அண்ணா, இழை திசைமாறுகிறது என்று கோபிக்க வேண்டாம், ஒரு கேள்வி. எங்கள் இணைப்பில் மின்வாரியத் தரப்பிலிருந்து எர்த் வருவதில்லை, எங்கள் வளாகத்திலேயே எர்த் கம்பி அடித்திருக்கிறோம். லூப் அளவு 46 ஓம். 2.1-க்கே இவ்வளவு பஞ்சாயத்து என்றால் என் நிலை என்ன? எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டால் 1 ஓமுக்கு இறங்குமா?

முத்துராமன்

கோபம் ஏன், இது அதே விஷயம்தான். உங்களுடையது டிடி முறை. சுடர்மணி சொன்ன 1667 ஓம் கணக்கு உங்களுக்குத்தான் பொருந்தும்.

சராசரி மண்ணில், மின்தடைமை 100 ஓம்-மீட்டர் என்று வைத்தால், 16 மி.மீ. தடிமனுள்ள 3 மீட்டர் கம்பி ஒன்று தரக்கூடியது சுமார் 33 ஓம். அதோடு டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்தும் சேரும். உங்கள் 46 நியாயமான அளவே. 1 ஓமுக்கு இறக்க வேண்டுமென்றால் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாத தூரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பிகள் அடிக்க வேண்டும். வீட்டுக்கு அது நடக்கிற காரியமில்லை. உப்பு முதலில் தடையைக் குறைக்கும், மழையில் கரைந்து போகும், போவதற்குள் கம்பியையும் அரித்துவிடும்.

46 ஓமில் உங்கள் வீட்டில் உலோக உடலை ஃபேஸ் தொட்டால் ஓடுவது 5 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்சிபிகூட அதைக் கண்டுகொள்ளாது. உடலில் 100 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு கிலோவாட்டுக்கும் மேல் சுற்றிலும் மண்ணுக்கும் வெப்பமாகப் போகும். "நல்ல எர்த் குழி இருந்தால் ஃபியூஸ் போய்விடும்" என்பது வீட்டு அளவில் பெரும்பாலும் நடக்காத கதை. ஆகவே டிடி முறையில் ஆர்சிசிபி இல்லாமல் வாழவே கூடாது. 30 மில்லிஆம்பியருக்கு 46 ஓம் தாராளம். வீடு முழுவதற்கும் மேலே 300 மில்லிஆம்பியரில் சற்றுத் தாமதித்து விழும் ஆர்சிசிபி ஒன்று இருந்தால் அதற்கு வரம்பு 167 ஓம், அதற்கும் போதும். 30 மில்லிஆம்பியர் மட்டும் இருந்தாலும் 200 ஓமுக்கு மேல் போகவிடாதீர்கள். 1667 வரை கணக்கு இடம் கொடுத்தாலும், அவ்வளவு தடையுள்ள எர்த் கோடையில் மண் காய்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அளவை வறண்ட காலத்தில் எடுத்துப் பாருங்கள்.

வேலவன்

செய்து பார்த்தோம், உடன் ஓர் அனுபவசாலி இருந்தார். முதல் சாக்கெட்டில் 0.14, இரண்டாவதில் 0.22, மூன்றாவதில் 1.6, கடைசியில் 1.7. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே சுண்ணாம்பு பூசி மறைத்த ஓர் இணைப்புப் பெட்டி இருந்தது. திறந்தால், ஃபேஸும் நியூட்ரலும் ஒழுங்கான இணைப்பானில் இருக்கின்றன. எர்த் கம்பிகளை மட்டும் ஒன்றரைச் சுற்று முறுக்கி டேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப்பின் பசை உருகி வழிந்து, முறுக்கின் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. விரலால் அசைத்தால் மீட்டரில் அளவு 0.9-க்கும் 3-க்கும் இடையே ஆடியது.

நுனிகளை வெட்டி, புதிதாகச் சீவி, திருகு இணைப்பானில் வைத்த பிறகு கடைசி சாக்கெட்டில் 0.41. மின்சாரம் கொடுத்து லூப் எடுத்தால் 0.77. ஆனாலும் 0.68-ஐத் தாண்டுகிறதே?

சுடர்மணி

விரலால் அசைத்தால் 3 ஓம் வரை போனது என்பதைப் படித்தேன். சரி, அந்தப் பெட்டியைத் திறந்தது நல்லதுதான். ஆனால் 0.77-க்கு இனிமேலும் அலைய வேண்டாம், ஆர்சிசிபி இருக்கிறது என்ற என் நிலையில் மாற்றமில்லை.

தமிழினி

0.77-ஐ நேரே 0.68-ஓடு ஒப்பிடவும் கூடாது. உண்மை நிலை இன்னும் கொஞ்சம் மோசம். அட்டவணை, கம்பி சூடாக ஓடும்போது உள்ள தடைக்கானது. நீங்கள் அளந்தது குளிர்ந்த கம்பியில். பிவிசி உறைக் கம்பி 70 டிகிரிக்குப் போனால் தடை ஏறக்குறைய 20 விழுக்காடு ஏறும். அதனால் அளவைச் சோதிக்கும்போது அட்டவணையில் 80 விழுக்காட்டை வரம்பாக வைப்பது வழக்கம்: சி 32-க்கு 0.55 ஓம்.

ஆனால் இங்கே மாற்ற வேண்டியது கம்பியையோ எர்த்தையோ அல்ல. சுவருக்குள் குழாயில் ஓடும் 2.5 சதுர மி.மீ. கம்பி, பதிக்கும் முறையைப் பொறுத்து 20 முதல் 24 ஆம்பியர் தாங்கும். ஒற்றை ஓட்டத்தில் அதற்கு 32 ஆம்பியர் எம்சிபி வைத்ததே பிசகு. மிகைச்சுமையில் எம்சிபி விழும் முன் கம்பி வெந்துவிடும். லூப் அளவை எடுக்கப் போய் வேறொரு தவறு மாட்டியிருக்கிறது. சி 20 வைத்தால் வரம்பு 1.09, அதில் 80 விழுக்காடு 0.87. உங்கள் 0.77 உள்ளே வந்துவிடும். பி 20 என்றால் 1.75 வரை இடம் இருக்கிறது. பெரிய மோட்டாரோ கம்ப்ரசரோ இல்லாத சுற்றுக்கு நான் பி வகையையே வைப்பேன்.

வேலவன்

சி 20 மாற்றியாயிற்று. குளிர்பதனப் பெட்டி அதே சுற்றில் இருப்பதால் பி வகை எடுக்கவில்லை. இப்போது ஒரு புதுத் தொல்லை: எர்த் சரியான நாளிலிருந்து ஆர்சிசிபி அவ்வப்போது காரணமில்லாமல் விழுகிறது. துணி துவைக்கும் இயந்திரமும் கணினிகளும் ஒன்றாக ஓடும்போது அதிகம்.

முத்துராமன்

காரணம் இருக்கிறது தம்பி. கணினி, துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றிலும் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒவ்வொன்றும் கொஞ்சம் கசிய விடும். முன்பு எர்த் தகராறில் எங்கோ தடைபட்டிருந்த கசிவு இப்போது ஒழுங்காகப் போகிறதோ என்று சந்தேகம் வரும், 1.3 ஓம் அதைத் தடுத்திருக்காது. ஆனால் விரலுக்கே ஆடிய முறுக்கு, அவ்வப்போது முழுக்க விட்டுப்போயிருக்கலாம். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். நிரந்தரக் கசிவு 9 மில்லிஆம்பியருக்குள், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, இருக்க வேண்டும் என்பது கணக்கு. கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாட்டிப் பாருங்கள். எர்த்தைச் சேர்த்து மாட்டிவிடாதீர்கள், எப்போதும் பூஜ்யம்தான் காட்டும்.

வேலவன்

எல்லாம் ஓடும்போது 13 மில்லிஆம்பியர்.

தமிழினி

பழுது எதுவும் இல்லை, ஒரே ஆர்சிசிபியின் தலையில் வீட்டையே ஏற்றியிருக்கிறீர்கள். சுற்றுக்கு ஒன்றாக ஆர்சிபிஓ (எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது) வைத்துப் பிரித்துவிடுங்கள். துவைக்கும் இயந்திரத்துக்கு மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் ஏசி வகை வேண்டாம், துடிக்கும் நேர்மின்னோட்டக் கசிவையும் உணரும் ஏ வகையாவது இருக்கட்டும். மின்னணுக் கட்டுப்பாடுள்ள மோட்டார்கள் துடிக்கும் நேர்மின்னோட்டத்தைக் கசியவிடலாம். ஏசி வகையின் உட்கருவை அது மந்தமாக்கிவிடும், உண்மையான கோளாறு வரும்போது விழாது. 6 மில்லிஆம்பியர் வரையிலான சீரான நேர்மின்னோட்டத்தை ஏ வகை பொறுத்துக்கொள்ளும்.

முத்துராமன்

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஆர்சிபிஓவாகப் பிரிக்கும்போது அந்தந்தச் சுற்றின் நியூட்ரல் அந்தந்த ஆர்சிபிஓவுக்குத்தான் போக வேண்டும். பழைய வயரிங்கில் விளக்குச் சுற்றின் நியூட்ரலை சாக்கெட் பெட்டியிலிருந்து கடன் வாங்கியிருப்பார்கள். அப்படி ஒன்று இருந்தால் விளக்கைப் போட்டவுடன் இரண்டும் சேர்ந்து விழும். அந்த இணைப்புப் பெட்டியில் எர்த்தை முறுக்கிவிட்டுப் போனவர் நியூட்ரலில் என்ன செய்திருக்கிறார் என்று, மாட்டுவதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.